இல்லாத ஒலிப்பதிவாளருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

"இன்னிக்கே அவரைக் கொன்னுடணும் மாப்ள. வேற வழியில்ல."

"மெதுவாப் பேசுங்க மாமா! வாசல்ல கஸ்டமர் நிக்கறாங்க" என்று மைத்துனன் பதறினான்.

வாஷிங் மெஷின் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சாக வேண்டியவர் ஒரு ஜப்பான்காரர். ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. அவரிடம் ஒரே ஒரு குறைதான். அப்படி ஓர் ஆளே கிடையாது.

எல்லாம் வாயால் வந்த வினை.

மனைவி போனதிலிருந்து மகள் வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டாள். "சாப்பிட்டியாம்மா?" "ம்." "காலேஜ் எப்படி?" "ம்." மீதி நேரமெல்லாம் ஒரே படம். தாயைத் தொலைத்த திமிங்கலக் குட்டி கடல் கடலாகத் தேடிப் போகும் ஜப்பான் கார்ட்டூன். அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்த படம்.

ஒரு நாள் இவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திரையில் புயல். கடல் உறுமியது. தொழில்காரன் காது சும்மா இருக்குமா?

"இது கடல் இல்ல. டிரம் பேரிங் போன வாஷிங் மெஷின்."

மகள் திரும்பினாள். "எப்படிப்பா தெரியும்?"

'ம்' இல்லை! முழுசாக ஒரு கேள்வி! 'சும்மா சொன்னேன்' என்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

"அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு பண்ணவரே சொல்லியிருக்கார். எங்கேயோ படிச்சேன்."

மறுநாள் அவளே வந்தாள். "வேற என்னப்பா சொல்லியிருக்கார்?"

திமிங்கலம் மூச்சு விடுவது இஸ்திரிப் பெட்டியின் நீராவி. படகு முனகுவது ஒலிப்பதிவாளர் வீட்டு அலமாரிக் கதவு. தினம் ஒன்று அவிழ்த்துவிட்டார். அவள் அதையெல்லாம் படத்தின் ரசிகர் குழுவில் போட்டாள். குழு பிடித்துக்கொண்டது: 'ஆதாரம் எங்கே?'

மைத்துனன் புத்திசாலி. ஒலிப்பதிவாளர் பேரிலேயே குழுவில் ஒரு கணக்கைத் தொடங்கி, 'ஆமாம், சொன்னது நான்தான்' என்று எழுதினான். குழு கொண்டாடியது. 'நேரில் வாருங்கள்' என்று கூப்பிட்டது. 'முடியாது, முட்டிவலி' என்று எழுதினார்கள். 'பரவாயில்லை, வீடியோவில் முகம் காட்டுங்கள்' என்று பதில் வந்தது.

"முகத்துக்கு நான் எங்கே போவேன் மாமா?" என்று மைத்துனன் கையை விரித்தான்.

ஆகவே கொலை. தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார் என்று செய்தி போட்டுவிட்டு, மெக்கானிக் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

மகள் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா போன அன்றைக்குப் பிறகு அவளை இப்படி அவர் பார்த்ததில்லை. அன்றைக்குப் பந்தலில் நாற்காலி போட்டதும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் இவர்தான். 'மனுஷனுக்கு என்ன தைரியம்!' என்று எல்லோரும் மெச்சினார்கள்.

"இரங்கல் கூட்டம் வைக்கறோம்பா" என்றாள் மகள், தலையணைக்குள்ளிருந்தே. "நீங்கதான் பேசணும். அவரைப் பத்தி உங்களுக்குத்தானே நிறையத் தெரியும்?"

கொன்றவனே ஒப்பாரியும் வைக்க வேண்டுமாம்!

சின்ன ஹால். முப்பது பேர் இருப்பார்கள். படம் வைக்க முகம் இல்லாததால், மாலையை ஒரு காலி நாற்காலிக்குப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் மைக்கைப் பிடித்தார்.

"அவர்... ரொம்ப நல்லவர்."

யாரோ இருமினார்கள். மகள் முன்வரிசையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி என்ன சொல்வது? கையில் இருந்த சரக்கைத்தான் எடுக்க முடிந்தது.

"அவருக்கு ஒரு மனைவி. அவங்க வீட்டு மெஷின்ல பேரிங் போயிடுச்சு. 'ஊர் மெஷினை எல்லாம் ரிப்பேர் பண்றீங்க, நம்ம வீட்டு மெஷின் கத்தறது காதுல விழலையா?'ன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. 'ஞாயித்துக்கிழமை பாக்கறேன்'னு இவர் சொல்லுவார்."

ஒலிப்பதிவாளர் எதற்கு ஊர் மெஷினை ரிப்பேர் பண்ண வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை வரவே இல்ல. அந்தம்மா போயிட்டாங்க. பேரிங் மாத்தறது அரை நாள் வேலை. இன்னும் மாத்தல. மாத்தினா சத்தம் நின்னுடுமே. வீட்ல யாரும் இல்லாதப்ப வெறும் மெஷினை ஓடவிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன்... உக்காந்திருப்பார். அது கத்தும்போது அவ சமையலறையிலேருந்து திட்டற மாதிரியே..."

நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. மைக் அதை வாங்கி ஹால் முழுக்கப் பரப்பியது. மகள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

வெகு நேரம் கழித்து அவர் வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். ஹால் வாட்ச்மேன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணே, மனசு உறுத்துது" என்றார் மெக்கானிக். "அப்படி ஓர் ஆளே கிடையாது. நான் கட்டிவிட்ட கதை. இதை என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வேன்?"

வாட்ச்மேன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஹால் கேட்டு வந்தப்பவே உங்க பொண்ணு சொல்லிடுச்சே சார்: 'அப்படி ஓர் ஆளே கிடையாதுண்ணே. எங்கம்மா போனதுலேருந்து எங்கப்பா ஒரு சொட்டு அழல. அவர் அழறதுக்கு ஒரு சாவு வீடு வேணும், அதுக்குத்தான் கேக்கறேன்'னு."