மூன்றாவது தடவை

எஞ்சின் தெருவுக்கே கேட்கும்படி உறுமியது. சக்கரம்தான் அசையவில்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டும் அந்தப் புல்வெட்டியின் மேல் உட்கார்ந்து, வெர்லின் கைப்பிடியை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் மகள் டெஸ்ஸா பள்ளிப்படிப்பை முடித்ததற்கு விருந்து. அயோவா மாநிலத்தில் அதை வீட்டுப் புல்வெளியில்தான் வைப்பார்கள். சர்ச்சில் பாதிப் பேர் வருவார்கள். பந்தல் போட்டாயிற்று. புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மெக்கானிக்கைக் கூப்பிடேன்," என்றாள் மனைவி ஜோலீன், சமையலறை ஜன்னலிலிருந்து.

"இன்னிக்குக் கூப்பிட்டா அடுத்த வாரம் வருவான். ஹைட்ராலிக் ஆயில் கம்மியா இருக்கு, அவ்வளவுதான். இதுல கியர் கிடையாது. ஆயில் அழுத்தத்துலதான் சக்கரமே சுத்துது."

ஆயிலைத் தொட்டியின் விளிம்பு வரை ஊற்றினார். சூடானால் பொங்கும், கொஞ்சம் இடம் விடவேண்டும் என்று தெரியும். இருந்தாலும், அதிகமாக ஊற்றினால் அதிகமாக இழுக்காதா என்று ஒரு நப்பாசை. சற்று நேரத்தில் தொட்டி பால் பொங்குவதுபோல் நுரைத்துப் பொங்கி, அவருடைய ஷூவை நனைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு ஹார்லன் வரவேண்டும்?

"என்ன வெர்லின், மெஷின் மக்கர் பண்ணுதா?"

"சேச்சே. சிட்டாப் பறக்குது. சும்மா ஆயில் பாக்குறேன்."

"வேணும்னா என்னுதை எடுத்துக்கயேன்."

"ஐயோ, உனக்கெதுக்குச் சிரமம்."

ஹார்லன் உடனே போகவில்லை. எதற்கோ காத்திருப்பவர்போல வெர்லினின் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைச் சொறிந்தபடி போனார்.

"வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றாள் ஜோலீன்.

"முதல் தடவையே சரின்னா அலையறான்னு நினைப்பான். ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லி, மூணாவது தடவை வாங்கிக்கிறதுதான் மரியாதை."

ஹார்லன் வீட்டுப் புல்லும் அதே உயரம்தான். தனக்கு முன்னால் வெட்டித் தன் மானத்தை வாங்கக் கூடாது என்றுதான் மனுஷன் பொறுத்திருக்கிறார் என்று வெர்லினுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றலாம் என்று முடிவு செய்தார். வடிக்கிற தட்டைக் காணவில்லை. கராஜில் ஒரு பெரிய பாத்திரம் கிடந்தது. அதை வைத்து வடித்தார்.

ஜோலீன் வெளியே வந்து பார்த்தாள்.

"அது நாளைக்குக் கறி வேகவைக்கிற பாத்திரம்."

"கழுவிடலாம்."

"சர்ச்சோட பாத்திரம், வெர்லின்."

புது ஆயில் ஊற்றியாயிற்று. இனி உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு கட்டைகள் மேல் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கீழே நின்றபடி கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினார். ஹார்லன் மறுபடி வேலியோரம் நின்றார்.

"நெஜமாவே என்னுது வேண்டாமா?" அவர் கண்ணெல்லாம் சுற்றுகிற சக்கரங்கள் மேலேயே இருந்தது.

"வேண்டாம்ப்பா. இது புதுசு மாதிரி ஓடுது பாரு."

"நல்லா ஓடுதுல்ல?" என்று ஏக்கமாகக் கேட்டுவிட்டு ஹார்லன் வீட்டுக்குப் போனார்.

அவர் கதவைச் சாத்தவும் கட்டை நழுவவும் சரியாக இருந்தது. காலையிலிருந்து நகர மறுத்த வண்டி துள்ளிக் குதித்து ஓடியது. பந்தல் காலைச் சாய்த்து, மேஜையைப் புரட்டி, பந்தல் ஆணியில் ஆயில் குழாயைக் கிழித்துக்கொண்டு அணைந்தது. புல்லில் ஒரு பிடிகூட வெட்டுப்படவில்லை.

டெஸ்ஸா வந்து சாய்ந்த பந்தலைப் பார்த்தாள். "பரவால்லப்பா," என்றாள். அழுகையை அடக்குகிறாள் என்று குரலே சொன்னது.

"போய் நேரா கேளு," என்றாள் ஜோலீன்.

"நேரா எவனாவது கேப்பானா? 'உனக்கு ஏதாவது வேணுமா'ன்னு நான் கேப்பேன். பதிலுக்கு அவன் 'உனக்கு வேணுமா'ம்பான். அதான் மூணாவது தடவை. வாங்கிட்டு வந்துடுவேன்."

விருந்துக்குச் செய்த பிரௌனியில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். ஹார்லனின் மனைவி மார்வா திறந்தாள். உள்ளே யாரோ படியிறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஹார்லன் இருக்காரா? அவருக்கு ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மார்வா பிரௌனித் தட்டைப் பார்த்தாள். அவருடைய ஆயில் ஷூவைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"எங்க மெஷின் செத்து ரெண்டு வாரம் ஆச்சு. உங்களுதை இரவல் கேக்கத்தான் அவரு ரெண்டு தடவை அங்க வந்தாரு. 'என்னுதை எடுத்துக்க'ன்னு மூணாவது தடவை சொன்னா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து இப்ப பேஸ்மென்ட்ல ஒளிஞ்சிருக்காரு."