ஏரிக்கரையில் இறங்கிய மலை

நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. தன் முட்டாள்தனம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடந்தது என்பதை அவனால் மறக்க முடியாது. என்னுடையது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு நடந்தது.

அப்போது நான் ஜவ்வாது மலையின் சிறு விவசாயிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளன். மண்ணரிப்பு பற்றிக் கிடைத்த புத்தகமெல்லாம் படித்திருந்தேன். (மலைக்கு மட்டும் போனதில்லை. புத்தகத்தில் படம் இருந்தது.) சரிவு நிலத்தில் கல்வரப்பு போட நிதி தர வேண்டிய அதிகாரி மாமல்லபுரத்தில் தங்கியிருந்தார். கொண்டை ஊசி வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம், வாந்தி வருமாம். எனவே மலையையே கீழே இறக்கிவிட முடிவு செய்தேன். விவசாயிகள் பத்துப் பேரை வேனில் அழைத்துவந்து, செய்யூர்ப் பக்கம் ஒரு செயல்விளக்கம். அதிகாரிக்குப் பிடித்தால் அவர்களுடைய சாமைக் காட்டுக்கு வரப்பு; இல்லையென்றால் அடுத்த மழையிலும் மண் ஓடையோடு போகும்.

செய்யூரில் சரிவுக்கு எங்கே போவது? அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏரிக்கரை. (நான் வளர்ந்த கூடுவாஞ்சேரிப் பக்கம் ஏரி என்றால் மனைப்பிரிவு.) டிராக்டரில் கல்லும் கொண்டுவந்து கொட்டியாயிற்று.

"இந்த இடத்துல அடித்தளத்துக்குப் பள்ளம் எடுங்க" என்றேன்.

குழுத் தலைவி பச்சையம்மாள் கரைமேல் ஏறி எட்டிப் பார்த்தார். "சார், அந்தப் பக்கம் தண்ணி நிக்குது."

"தண்ணிய பாக்காதீங்கம்மா. சரிவ பாருங்க."

"சரிவத்தான் சார் பாக்கறேன். தண்ணிய புடிச்சி நிறுத்தறதே அதுதான்."

என் அட்டவணைப்படி ஏற்கெனவே பதினைந்து நிமிடம் தாமதம். மண்வெட்டியை வாங்கி நானே வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் குழி கசிந்தது. பிறகு ஓடியது.

கீழே, கதிர் முற்றிய வயலிலிருந்து அதன் சொந்தக்காரர் ஏழுமலை வந்தார். ஓடி வரவில்லை; அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா அண்ணாத்த நோண்டிகினு கீற?"

"மண் பாதுகாப்பு" என்றேன்.

"யார் மண்ண?"

"பேச்சு அப்புறம்" என்றார் பச்சையம்மாள். "களிமண்ணு எங்க இருக்குது, காட்டுங்க."

பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏழுமலை களிமண் சுமந்தார், மலைக்காரர்கள் கல்லைக் கல்லோடு பூட்டி அடுக்கினார்கள். கசிவு நிற்கும் நேரத்தில் அதிகாரி வந்து சேர்ந்தார். உயிரைக் கொடுத்து வேலை செய்த பதினொரு பேரையும் பார்த்து நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு ஈடுபாட்ட நான் எங்கயும் பாத்ததில்ல" என்று சொல்லி, நிதியை அங்கேயே உறுதி செய்தார். நானும் அறிக்கையில் 'உள்ளூர் விவசாயியின் தன்னார்வப் பங்கேற்புடன்' என்று எழுதினேன்.

பச்சையம்மாளின் காட்டில் கல்வரப்பு நிற்கிறது. எனக்குக் கிடைத்தது ஏழுமலையின் தொலைபேசி அழைப்பு. ஆண்டுதோறும் ஏரி நிரம்பிய அன்று தவறாமல் வரும். தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்; அந்த ஏரியின் வரலாற்றுக்கு அதைவிட நம்பகமான ஆவணம் கிடையாது. போனை எடுப்பது என் மனைவி. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள்.

"யக்கா, ஏரி ரொம்பிச்சி. சார் வூட்லதான கீறாரு?"

"கண்ணெதிர்லதான் இருக்காருண்ணா."

"அறுப்பு முடியற வரிக்கும் வெளிய வுட்றாதீங்க."