நாலாம் நம்பர் வண்டியில் ஏழு பேர்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த அண்ணன் அவர்களுக்கு, தங்கள் ஒரே தங்கை குப்பை வண்டியிலிருந்து கும்பிட்டு எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். நானும் நலமாகத்தான் இருந்தேன், போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். நேற்றுக் காலை வாசலில் ஜீப் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். புகுந்தது பாதிதான், மீதி வெளியே நின்றுவிட்டது. வந்தது தண்ணீர் லாரி. பக்கத்து வீட்டுக்காரியும் அவள் மருமகளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். "என்னக்கா தேடுறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இளமையத் தேடுறேன், கெடைக்கல" என்றேன். அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை பாருங்கள். அந்த வாய்தான் இப்போது என்னை ஜெயிலுக்கு அனுப்பப்போகிறது.

குப்பை அள்ளும் செலவு எகிறிவிட்டதாம். வரும் வருஷத்து பட்ஜெட்டில் எந்த வண்டியை நிறுத்தலாம் என்று பார்க்கப் போன மாதம் மேலேயிருந்து ஒரு கணக்கு ஆபீசரை அனுப்பினார்கள். சின்ன வயசு, சலவை கலையாத சட்டை. எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே காரில் வந்தார். நாற்றத்துக்குப் பயந்து கண்ணாடியை நாலு விரலுக்கு மேல் இறக்கவே இல்லை. கேள்வி அந்தச் சந்து வழியாக வரும், பதிலும் அதே வழியாகப் போகும். எங்கள் வண்டியின் மணி உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. புது மணி கேட்டு எழுதிக் கொடுத்த காகிதம் மேஜை மேஜையாக நடந்து, அதற்காக மூன்று கூட்டம் போட்டு, கூட்டத்தின் டீச் செலவில் மட்டும் நாலு மணி வாங்கியிருக்கலாம், மணி வந்தபாடில்லை. "மணி இல்லாம வீட்டுக்காரங்கள எப்படிம்மா கூப்பிடுறீங்க?" என்று ஆபீசர் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அதுக்கு அஞ்சு பேர் இருக்காங்க சார். முன்னாடி ஓடிப் போய்க் குரல் குடுப்பாங்க."

"பேரு?"

"மேஸ்திரி, கரியன், பெரியவன், சின்னவன், ஊமையன்."

"ஊமையன் எப்படிம்மா குரல் குடுப்பார்?"

"அவரு மேற்பார்வை சார்."

தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அண்ணா, ஐந்தும் நாய்கள். எங்கள் வண்டியோடு ஓடி வரும் தெருநாய்கள். குரைக்கிற சத்தம் கேட்டால் வீட்டுக்காரர்கள் வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆபீசர் எந்த நிமிஷமும் சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சந்து வழியாகத் தாளை நீட்டினார். மூன்றாம் வகுப்பு படித்தவளுக்குக் கையெழுத்துப் போட ஒரு இடம் கிடைத்தால் விடுவாளா? போட்டுவிட்டேன்.

ஆபீஸ் குப்பைக் கூடையும் நாங்கள்தான் கொட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை அதிலிருந்து ஒரு பட்ஜெட் தாள் விழுந்தது. டிரைவர் எடுத்துப் படித்தான், படித்தவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். ஊரிலேயே அதிகச் செலவு பிடிக்கும் வண்டி நாலாம் நம்பர் வண்டியாம், பணியாளர்கள் ஏழு பேராம். அழைப்பாளர் நால்வர், மேற்பார்வையாளர் ஒருவர், போன வருஷத்துச் சம்பளம் இவ்வளவு என்று ஒரு தொகை, அந்த ஐவரையும் நிர்வாகம் செய்த செலவு என்று அதைவிடப் பெரிய தொகை. ஊமையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம்.

"ஏன்க்கா, உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா?"

"பூட்டு கேட்டு எழுதிக் குடுத்தா வர ரெண்டு வருஷம் ஆகும்டா."

அவன் சிரிக்கவில்லை. "வண்டிய நிறுத்துனாக்கூட வேற பொழப்புப் பாத்துக்கலாம். அந்த அஞ்சு பேர் சம்பளம் எங்கன்னு கேட்டா? நாமதான் தின்னுட்டோம்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா."

அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன் அண்ணா. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆபீசில் யாராவது இருமினால்கூட என் பேரைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டவள், சொல்லாவிட்டால் ஐந்து பேர் சம்பளத்தை விழுங்கியவள். நீங்கள் முப்பது வருஷம் இப்படி ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவர். கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் வந்து ஒரு மனு எழுதிக் கொடுங்கள். டிரைவர் பேர் அதில் எங்கேயும் வரவேண்டாம். பேசினது நான், அவன் வண்டிதான் ஓட்டினான்.

அண்ணிக்கு என் கும்பிடு. பிள்ளைகள் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் நூறு வருஷம் வாழட்டும்.

இப்படிக்கு,
கவலையில் இளைத்தும் இன்னும் கட்டிலுக்கு அடியில் நுழைய முடியாத
உங்கள் தங்கை

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து, கடிதம் பத்து நாளாகப் பையிலேயே இருந்திருக்கிறது. நீங்கள் வரவேண்டாம். கூட்டத்தில் செலவைக் குறைக்க அந்த ஐந்து பேரையும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். இவ்வளவு மிச்சமா என்று எல்லோரும் கைதட்டி, ஆபீசருக்குப் பதவி உயர்வும் கொடுத்தாயிற்று. சிக்கனத்துக்கு இனி எங்கள் வண்டிதான் முன்மாதிரி. டிரைவர் மறுபடி என்னோடு பேசுகிறான். மிச்சமான பணத்தில், மணி கேட்ட காகிதத்தைக் கவனிக்க ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். வேலைநீக்க உத்தரவு ஐந்தையும் என்னிடம் கொடுத்து உரியவர்களிடம் நேரில் சேர்க்கச் சொன்னார்கள். நாலு பேர் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மேஸ்திரி தன் உத்தரவைத் தின்றுவிட்டான்.