சிலிண்டர் ஹெட்டில் ஒரு சொத்தை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இவ்விடம் நான், உங்கள் தங்கை, கார் ஷெட்டில் இருக்கும் எஞ்சின் ஆகிய மூவரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் பட்டறையும், ஒரு மாதமாகப் படுத்துகிற தங்கள் வலது தோளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று தடவை "மாப்ளே, மாப்ளே" என்று குறுக்கே வருகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் பட்டறைக்கு எதிரே போய் நிற்கும் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாலைக்குள் கைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் கார் ஓடப்போகிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும். வெறுங்கையோடு வாருங்கள். ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். உங்கள் தங்கையை மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாகப் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. இரண்டு பஸ் மாறிப் போகிறாள், இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்து நம் கார் எஞ்சின் மண்டையைப் போட்டது. நான் விடுவேனா, வேறு எஞ்சின் மாற்றி நானே தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு அவள் போன வாரம் வைத்த கெடு வரும் திங்கட்கிழமை. "அதுவரைக்கும் பாப்பேன். கார் ஓடலைன்னா ஸ்கூல் குவார்ட்டர்ஸ் காலியாத்தான் இருக்கு, அங்க போயிடுவேன். என் முட்டிக்கு இதுக்கு மேல தாங்காது" என்றாள். வாரத்தில் ஐந்து நாள் அவள் இல்லாத வீட்டை நான் யோசித்துப் பார்த்தேன் மச்சான். எனக்குப் பிடிக்கவில்லை. என் பல் கிளினிக்கை மூடியதே அவளோடு சேர்ந்து காலைத் தேநீர் குடிக்கத்தான். ஆகவே நான் தோற்பதற்கில்லை, தோற்கவும் இல்லை.

விபத்தில் நசுங்கிய ஒரு வேனின் எஞ்சினைக் காயலான் கடையிலிருந்து கொண்டுவந்து காருக்குள் இறக்கினேன். இறக்கிய பிறகு பார்த்தால் அது நம் பழைய எஞ்சினைவிட இரண்டு அங்குலம் உயரம், பானெட் மூடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் டேப்போடு வந்து நீள அகலம் எல்லாம் அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, "சார், இதை உள்ள பிடிக்க முடியாது, மூடியில ஒரு சன்னல் வெட்டி ஓரம் மடிச்சு விட்டுடலாம்" என்று யோசனை சொன்னார். நல்ல யோசனை, அப்படியே வெட்டினோம். வெட்டியது ஒரு கை தள்ளி ஹெட்லைட் பக்கமாகப் போய்விட்டதால் இன்னொரு சன்னலும் வெட்ட வேண்டியதாயிற்று. காற்றோட்டத்துக்கு ஆயிற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். "மாப்ளே, வேன் எஞ்சின், அப்படியே மாட்டினாலே மேடு ஏறும், ஹெட்டுல மட்டும் கைய வைக்காதீங்க" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்குத் தலைமூடியாக இருக்கிற அந்தச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து விளக்கைத் திருப்பியபோது நான் கண்ட காட்சி வேறு. காற்று உள்ளே போக நான்கு ஓட்டை, புகை வெளியே வர நான்கு ஓட்டை, எட்டுக்குள்ளும் கரி, சொரசொரப்பு, காறை. நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவன் இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பான்? அந்த எட்டையும் குடைந்து விரித்து வழவழவென்று ஆக்கினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், அதற்குப் போர்ட்டிங் என்று பெயர், ஆட்கள் இதற்கென்றே தனி மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என்னிடம் இல்லாத மெஷினா? பரணிலிருந்து என் டிரில்லை இறக்கினேன், சின்னக் கண்ணாடியையும் கொக்கியையும் எடுத்தேன், வெள்ளைக் கோட்டையும் போட்டுக்கொண்டேன். கோட்டு தேவையில்லைதான், ஆனால் அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

முதல் ஓட்டைக்கு மூன்று நாள் ஆனது. பல்லுக்கென்று செய்த டிரில் ஊசி, அலுமினியத்தில் பட்டால் அரை நிமிஷத்தில் தூள் அப்பிக்கொள்கிறது. அப்புறம் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழக்கதோஷத்தில் நடுநடுவே ஹெட்டைப் பார்த்து "வலிச்சா கையத் தூக்குங்க" என்றேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "நாப்பது வருஷமா எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிட்டு, அவங்கள ஒரு வார்த்தை பேச விட்டதில்ல. இப்பத்தான் உங்களுக்கு ஏத்த ஆளு கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் குடும்பத்துக்கே வாய் கொஞ்சம் நீளம்.

எட்டும் ஒரே அளவா என்று எப்படிப் பார்ப்பது? அச்சு எடுத்தேன், பல்செட்டுக்கு எடுப்போமே அதே ரோஸ் நிற மாவு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றி இறுகியதும் உருவினால் நாக்கு மாதிரி வந்தது. எட்டு நாக்கையும் அடுப்படி சன்னலில் வரிசையாகக் காய வைத்திருந்தேன். தபால்காரர் அவற்றைப் பார்த்த நாள் முதல் கடிதங்களைக் கேட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் ஒன்று சொல்கிறேன், எட்டு நாக்கும் அச்சு அசலாக ஒரே அளவு. உங்கள் பட்டறையில் இந்தச் சுத்தம் வருமா என்று கேட்டு உங்களைப் புண்படுத்த மாட்டேன்.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். காற்று போகும் ஓட்டைகளில் மூன்றாவதின் மேல் சுவரில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. கொக்கியால் தொட்டேன், உள்ளே இறங்கியது. சொத்தை. "வார்ப்புல அங்கங்க கறுப்பா பொத்தல் இருக்கும் மாப்ளே, அது வார்ப்போட குணம், நோண்டாதீங்க" என்று போனில் சொன்னீர்கள். உங்கள் தொழிலில் அது குணமாக இருக்கலாம். என் தொழிலில் முதல் பாடமே, சொத்தையை வேரோடு எடுக்காமல் அடைக்கக் கூடாது என்பதுதான். கறுப்பு போகும்வரை குடைந்தேன். அது உள்ளே போனது, நானும் பின்னாலேயே போனேன். கடைசியில் கறுப்பு தீர்ந்தது, அதோடு சுவரும் தீர்ந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிற பாதை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு ஓட்டையை நன்றாகத் துடைத்து, உலர்த்தி, என்னிடம் மிச்சமிருந்த உயர்தரச் சிமெண்டைக் குழைத்து அடைத்து, பாலிஷ் போட்டுவிட்டேன். கடைவாய்ப்பல்லில் இதே சிமெண்டு வைத்துக்கொண்டு இருபது வருஷமாக எலும்பு கடிக்கிறவர்கள் இந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். நேற்று ஹெட்டை மாட்டினேன், புது கேஸ்கெட், போல்ட்டெல்லாம் புத்தகத்தில் சொன்ன வரிசையில் முடுக்கினேன், தண்ணீர் ஊற்றினேன். வெளியே ஒரு சொட்டுக் கசியவில்லை. இனிச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை காலை உங்கள் தங்கை முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள், குவார்ட்டர்ஸ் பேச்சு அத்தோடு ஒழியும்.

நாளை நீங்கள் வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பாராட்டினால் போதும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். மருமக்களுக்கு ஆசிகள், இரண்டு வேளையும் பல் தேய்க்கிறார்களா என்று பார்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
பல் மருத்துவர் (ஓய்வு), எஞ்சின் நிபுணர் (பணியில்)

பி.கு.: பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி ஒரு ஒத்திகை பார்த்துவிடலாமே என்று சாவியைத் திருப்பினேன். ஓடியது மச்சான், நான்கு நிமிஷம் அருமையாக ஓடியது. பிறகு பின்னாலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. தையல்காரர் வீட்டுச் சுவர் மறைந்தது, பிறகு தையல்காரரே மறைந்தார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி, இப்போது கடப்பாரை போட்டு நெம்பினாலும் சுற்றவில்லை. சிமெண்டை விழுங்கிவிட்டு மேலே தண்ணீரும் குடித்திருக்கிறது. வாய்ச் சூடு வேறு, எஞ்சின் சூடு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருப்பீர்கள், நான்தான் போனை வைத்துவிட்டேன்.

உங்கள் தங்கை ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கட்டிலில் பெரிய பெட்டி திறந்திருந்தது, ஒரு பக்கம் அவள் புடவைகள். இனிக் காலைத் தேநீர் தனியாகத்தான் என்று நினைத்தேன். பிறகுதான் மறு பக்கத்தைப் பார்த்தேன். என் சட்டைகள், மடித்து, பொத்தான் போட்டு. "இது எதுக்கு?" என்றேன். "உங்கள இங்க தனியா விட்டா அடுத்து வீட்டுக் கூரையப் பிரிப்பீங்க. ரெண்டு பேருக்குன்னு சொல்லி குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிப் பத்து நாளாச்சு, சன்னல்ல நாக்கெல்லாம் காஞ்சுதே, அன்னைக்கே" என்றாள்.

ஆகவே நாளை கட்டாயம் வாருங்கள். ஸ்பானர் பெட்டி, இழுத்துக்கொண்டு போகக் கயிறு, எனக்குச் சொல்ல வேண்டிய நாலு வார்த்தை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதானாம். கார் நிறுத்த இடமே கிடையாதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.