பேரு எனக்கு, இனிஷியல் உனக்கு

கிட்ட வந்து உக்காருங்க. கடல் காத்து எதிர்க்க அடிக்குது. தள்ளி உக்காந்தா நான் சொல்றதுல பாதியை அது தூக்கிக்கொண்டு போய்விடும். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே இருங்க.

மரக்காணத்து உப்பளத்தில் தட்சணாமூர்த்தி என்று ஒருத்தன். அப்பா பேரு இருசப்பன், அதனால் இவன் இ. தட்சணாமூர்த்தி. ஆள் நல்ல ஆள்தான். ஒரே ஒரு கோளாறு. கையில் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் சும்மா இருக்க மாட்டான். கண்ணில் பட்டதில் எல்லாம் 'இ.த.' என்று எழுதிவிடுவான். உப்பு மூட்டையில் எழுதினான், சரி, அது தொழில். மூட்டை மாறிப் போகக் கூடாது. வாளியில் எழுதினான். மண்வெட்டிக் காம்பில் எழுதினான். மொபெட்டில் முன்னாலும் பின்னாலும் எழுதினான். ஆட்டுக்கடாவின் கொம்பில் எழுதப் போனவனை அது முட்டியதில் ஒரு வாரம் நொண்டினான். "தூங்கி எந்திரிச்சதும் மொதல்ல என் முதுகைத் தடவிப் பாத்துக்குவேன்" என்று அவன் பொண்டாட்டி கலைமதி பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

கலைமதி புருசனோடு சரிக்குச் சரி உப்புப் பாத்தியில் நிற்கிறவள். வெயிலில் உப்பு வாருவாள், மூட்டைக்கு வாய் தைப்பாள். ஆனால் அத்தனை மூட்டையில் ஒன்றிலாவது 'க' என்று ஒரு எழுத்து கிடையாது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூட்டை தைக்கிற ஊசியாலேயே மனசுக்குள் தைத்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பொம்மையார்பாளையத்துத் தாய் வீட்டிலிருந்து மூணாம் மாசம் புள்ளையைத் தூக்கிக்கொண்டு புருசன் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை தொட்டில் போட்டுப் பேர் வைப்பதாக ஏற்பாடு. ஆட்டோவை விட்டு இறங்கி மூச்சு விடவில்லை, சண்டை ஆரம்பித்துவிட்டது.

"தமிழ்வேந்தன்," என்றாள் கலைமதி. "மசக்கையில வாந்தி எடுக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்."

"ஆவாது," என்றான் தட்சணாமூர்த்தி.

"இன்னா ஆவாது?"

"இனிஷியல் ஒத்துவரல. அப்பன் நான், என் எழுத்து 'த'. த. தமிழ்வேந்தன். வாய்விட்டுச் சொல்லிப் பாரு. த... தமிழ்வேந்தன்! வாத்தியார் பேர் கூப்புட்டார்னா, அவருக்குத் திக்குவாய்னு கிளாஸே சிரிக்கும்."

"அப்ப நீங்க இன்னா வைக்கப் போறீங்க?"

"எங்கப்பா பேரு. த. இருசப்பன். மூட்டைக்குப் பெயிண்ட் அடிக்கிற தகரத்துல 'இ.த.'ன்னு வெட்டி வச்சிருக்கேன் இல்ல? நடுவுல ஒரு வெட்டு வெட்டி இடம் மாத்திப் புடிச்சா 'த.இ.' வந்துரும். புள்ளைக்குன்னு புதுத் தகரம் வாணாம்."

"நான் பெத்தது புள்ளைங்க. உப்பு மூட்டை இல்ல."

"உனக்குப் புரியாதுடி. மனுசனுக்குப் பேருகூட அப்புறம்தான். எழுதும்போது எது மொதல்ல வருது? இனிஷியல்! இனிஷியல்தான் எல்லாம்."

"அவ்ளோ முக்கியமா அது?"

"பின்ன?"

கலைமதி உள்ளே போய்ச் சமைத்தாள். தட்சணாமூர்த்தி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். முகம் கோணியது.

"இன்னாடி, குழம்புல உப்பே இல்ல?"

"வீட்டுல இருக்கிற உப்பு மூட்டையெல்லாம் 'இ.த.'ன்னு போட்டிருக்குது. அடுத்தவங்க பொருள்ல நான் கை வைக்கலாமா?"

ஊருக்கே உப்பு அனுப்புகிறவன் உப்பில்லாத குழம்பைத் தின்றான். மறுநாள் உப்பில்லாத ரசம். அதற்கும் மறுநாள் உப்பில்லாத கருவாடு. கருவாட்டில் எப்படி உப்பை எடுத்தாள் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி புள்ளையைப் பார்க்க வந்தாள். பெட்டிக்கடை வைத்திருக்கிறவள். வாய் நீளம், நியாயம் அதைவிட நீளம்.

"மாஷா அல்லா! ஏம்பா தட்சணா, கண்ணு ரெண்டும் கலை மாதிரியே இருக்குது. மூக்கும் கலைதான். இதுல உன்து எது?"

"இனிஷியல்!" என்றான் தட்சணாமூர்த்தி.

கலைமதி நிமிர்ந்தாள். "பீவிக்கா, நீங்க பொதுவா நில்லுங்க. புள்ளை பேருக்குத் தெனம் சண்டை. உப்புக்குப் பங்கு போடுற மாதிரி போட்டு முடிச்சிக்குறோம்."

அங்கே கூட்டாகப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் உப்பைப் பங்கு போடும்போது ஒரு முறை உண்டு. ஒருத்தர் இரண்டு குவியலாகப் பிரிக்கணும். மற்றவர் முதலில் கை வைக்கணும். வைத்த கையை எடுக்கக் கூடாது. மிச்சக் குவியல் பிரித்தவருக்கு. இதில் யாரும் யாரையும் ஏமாத்த முடியாது என்றுதான் பெரியவங்க இப்படி வைத்தார்கள். பாவம், அவர்களுக்குக் கலைமதியைத் தெரியாது.

அவள் கைநிறைய உப்பு அள்ளி முறத்தில் ஒரு பக்கம் கொட்டினாள். "இது பேரு." அடுத்த பக்கம் ஒரு சிட்டிகை போட்டாள். "இது இனிஷியல். நீங்க மொதல்ல எடுங்க."

தட்சணாமூர்த்திக்குச் சிரிப்பு முட்டியது. இனிஷியல் அப்பன் வழியில் வருவது. காலையில் சூரியன் வருகிற மாதிரி, கேட்டாலும் வரும், கேக்காவிட்டாலும் வரும். அதைப் போய் ஒரு பங்காக வைக்கிறாளே! பேரை எடுத்துக்கொண்டால் இனிஷியல் தானாக நம்மிடம் வந்துவிடும், இவளுக்குக் கிடைப்பது வெறும் முறம். புள்ளை பெத்ததில் புத்தி மழுங்கிவிட்டது போல. பாவம்.

பெரிய குவியலில் பளாரென்று கையை வைத்தான். "பேரு எனக்கு!"

"நல்லா ரோசனை பண்ணீங்களா? இனிஷியல்தான் எல்லாம்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் சும்மா சொன்னதுடி. ஒத்த எழுத்து. அதுல இன்னா கெடக்குது? நீயே வச்சிக்கோ."

"பீவிக்கா, கேட்டுக்கினீங்களா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேம்மா."

அன்றைக்குக் குழம்பில் உப்பு அளவாக இருந்தது. அப்போதாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கணும். இரண்டு தட்டுச் சோறு தின்றான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேரைக் காதில் சொல்ல வேண்டியது அத்தை. தட்சணாமூர்த்தியின் அக்கா விஜயலட்சுமி அனுமந்தையிலிருந்து பட்டுப் புடவையில் வந்து இறங்கினாள். புள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். கலைமதி குனிந்து நாத்தனாரிடம் ஏதோ சொன்னாள். விஜயலட்சுமி தலையாட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி புள்ளை காதில் சொன்னாள்:

"க. இருசப்பன்! க. இருசப்பன்! க. இருசப்பன்!"

"யக்கா!" தட்சணாமூர்த்தி எகிறினான். "தப்பு, தப்பு! 'க' இல்ல, 'த'!"

"கலை 'க'ன்னுதானடா சொன்னா?"

கலைமதி சர்க்கரையும் பொட்டுக்கடலையும் வழங்கிக்கொண்டே திரும்பினாள். "பேரு உங்க பங்கு. அதுல நான் ஒரு புள்ளியைத் தொட்டேனா? இனிஷியல் என் பங்கு. என் பங்குல என் எழுத்தைப் போட்டுக்கினேன்."

"அப்பன் இனிஷியல்தான்டி போடணும்! ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க!"

"ஏன் ஒத்துக்க மாட்டாங்க?" என்றாள் ரம்ஜான் பீவி. "எங்க பொண்ணு முபீனா அவ புள்ளைக்கு அவ இனிஷியலத்தான் போட்டிருக்கா. ஸ்கூல்லயும் சேத்துட்டா. குவியல்ல கை வச்சா வச்சதுதாம்பா."

"ஒத்த எழுத்துதானடா தம்பி," என்றாள் அக்கா. "அதுல இன்னா கெடக்குது?"

தட்சணாமூர்த்தி மனசைத் தேத்திக்கொண்டான். போகட்டும். பேரு இருக்குதே! அப்பா பேரு. காலத்துக்கும் நிக்கும். அந்தப் பெருமையில் புள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

புள்ளை புது வேட்டியில் மூத்திரம் அடித்தது.

"டேய் இருச..."

அதற்கு மேல் வரவில்லை. சுவரில் மாலையோடு அப்பா போட்டோ. மீசை முறைக்கிறது. பெத்த அப்பன் பேரைச் சொல்லி 'டேய்' என்று எப்படிக் கூப்பிடுவது?

"யக்கா, நீ கொஞ்சம் அதட்டேன்."

"காதுல பயபக்தியா சொன்னேன், அதோட சரி. எங்கப்பா பேரைச் சொல்லி நான் அதட்டுறதா? போடா."

"கலை, நீயாவது கூப்புடுடி!"

கலைமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்ய! மாமனார் பேரை மருமவ வாயால சொல்லலாமா? உங்கக்கா முன்னாடியே கேக்குறீங்களே!"

விஜயலட்சுமி பூரித்துப் போனாள். "பாத்தியாடா, எங்கப்பா மேல என்னா மரியாதை! அதுவும் சரிதாம்மா. அப்ப புள்ளைய இன்னான்னு கூப்புடுவே?"

"அதுக்கு ஒரு பேரு கைவசம் இருக்குது அண்ணி. தமிழ்வேந்தன். மாமா பேரு ஆதார்ல பத்திரமா இருக்கட்டும். இது வாயில பொழங்குறதுக்கு."

"வேந்தா!" என்று கன்னத்தைக் கிள்ளினாள் அக்கா. "வேந்தா!" என்று விரலைச் சொடுக்கினாள் பீவி. புள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே இரண்டாம் முறையும் அடித்தது.

"டேய் வேந்தா, போதும்டா!" என்று அலறிவிட்டான் தட்சணாமூர்த்தி.

கலைமதி வந்து புள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாடத்திலிருந்த அவனுடைய கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, விரலைத் தோய்த்து, தொட்டில் கட்டையில் பெரிசாக ஒரு 'க' போட்டாள். பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தாள்.

"வெறும் வேந்தன்னு கூப்புடாதீங்க," என்றாள். "இனிஷியலோட கூப்புடுங்க. அதுதான எல்லாம்?"