கிராஃப் சார் அளந்த ராணுவம்

இந்த தேசத்தின் ராணுவச் செலவை ஒரே வாரத்தில் பாதியாகக் குறைத்த மனிதரை எனக்குத் தெரியும். எந்த மந்திரியாலும் முடியாததை அவர் மரக்காணம் உப்பு ஆபீஸில் ஒரு கரித்துண்டை வைத்துக்கொண்டு செய்து முடித்தார்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே குமாஸ்தா. அவர் இன்ஸ்பெக்டர். ஊருக்கு அவர் கிராஃப் சார். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும். மெட்ராஸில் ஒரு பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். சுதந்திரம் வந்ததிலிருந்து இந்தியா ராணுவத்துக்குச் செய்த செலவுதான் ஆராய்ச்சி. அதற்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "உப்புக்கும் எனக்குமே என்ன சம்பந்தம்?" என்பார்.

காகிதத்தில் கோடு அடங்கவில்லை என்று ஆபீஸின் பின்சுவரில் வரைய ஆரம்பித்தார். தரையோரம் கிளம்பிய கோடு, போகப் போக ஜன்னலைத் தாண்டி உத்தரத்தைத் தொட்டது. கடைசிப் பகுதியை ஸ்டூல் போட்டு ஏறி வரைந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

உப்புப் பாத்தி முதலாளி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். "சார், உப்பு விலைதானே இது? இப்படியே ஏறுச்சுன்னா பொண்ணு கல்யாணத்தை வர்ற மாசமே வச்சிடுவேன்."

"ராணுவச் செலவுங்க."

முதலாளி முகம் சுண்டிப்போய்விட்டது.

அடுத்த வாரம் கிராஃப் சார் ஈரத்துணியால் மொத்தத்தையும் அழித்தார். அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றில்லை, விலைவாசி ஏறியதைக் கழித்தால்தான் உண்மை தெரியும் என்றார். கழித்ததும் கோடு ஜன்னலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முதலாளி மறுபடியும் வந்தார். "என்னா சார், போன வாரம் மலையாட்டம் இருந்துச்சே! நடுவுல எவன் சாப்ட்டான்?" அதன்பின் நாட்டின் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு என்று வகுத்துப் போட்டார். கோடு ஏறக்குறையப் படுத்தேவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டா பட்டாளத்தையே கலைச்சிடுவீங்க போல சார்" என்றார் முதலாளி. கிராஃப் சார் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரித்து நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஆபீஸுக்கு வெள்ளையடிக்கப் பூங்காவனம் வந்தாள். எக்கியார்குப்பத்துக்காரி, பாத்தியில் உப்பு வாருகிறவள். புருஷன் பட்டாளத்தில் இருந்து, வங்காளப் பக்கம் நடந்த சண்டையில் போய்விட்டான். கையில் மட்டையோடு சுவரைப் பார்த்து நின்றாள்.

"இத்த அழிச்சிடலாமா சார்?"

"ஐயையோ, தொடாதம்மா! நம்ம ராணுவத்துக்கு ஆன செலவு அது."

அவள் மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு இதுல எங்க இருக்காரு?"

கோடு கொஞ்சம் புடைத்திருந்த ஒரு இடத்தை அவர் காட்டினார். அவள் அங்கே உள்ளங்கையை வைத்தாள். பிறகு விரலைக் கோட்டோடு நகர்த்தி, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் அவர் இல்லம்மா. பென்ஷன் வேற தலைப்புல போகுது. இதுல சேர்க்கிறதில்ல."

"அவரு செத்ததோட செலவு முடிஞ்சிடுச்சுங்களா சார்? எனக்கு இன்னும் முடியலியே."

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டுப் போய்விட்டாள். கிராஃப் சார் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆபீஸைப் பூட்ட நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுப்பினேன்.

"பென்ஷனை ஒரு வருஷத்துக்கு மட்டும் சேர்த்தா பொய்யாயிடும்ப்பா. ஆரம்பத்திலேர்ந்து எல்லா வருஷத்துக்கும் சேர்க்கணும்" என்றார்.

அதற்காக லீவு போட்டுப் போட்டு மெட்ராஸுக்கு அலைந்தார். நூலகங்களில் பழைய வரவுசெலவு அறிக்கைகளைத் தேடினார். சில வருஷம் கிடைக்காது. கிடைத்ததும் வேறு வகையில் பிரித்துப் போட்டிருக்கும். லீவு தீர்ந்து சம்பளம் பிடித்தார்கள். ஆள் பாதியாக இளைத்தார். கடைசியில் ஒருநாள் பென்ஷனையும் சேர்த்துச் சுவரில் புதுக்கோடு வரைந்துவிட்டுப் பூங்காவனத்தை வரச் சொன்னார்.

"இதுல நான் இருக்கேனா சார்?"

"நீயும் இருக்கேம்மா."

"ஒரு புள்ளியாவது?"

"புள்ளியில்லாம கோடு ஏதும்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கணக்கோடு ஒப்பிட முடியாது, பென்ஷனை எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். "எடுத்துட்டுக் குடுத்துடுங்க சார். பட்டம் வந்தா இந்த உப்புத் தண்ணிய விட்டுப் போயிடலாம்."

"எடுத்துடலாம்ப்பா. அப்புறம் அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது?"

பட்டம் வரவில்லை. மாற்றல் உத்தரவுதான் வந்தது.

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட நான் போயிருந்தேன். புறப்படும் நேரத்தில் பூங்காவனம் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். கருவாடு. மனிதர் சுத்த சைவம். பஸ்ஸில் மீன்கூடை ஏறினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் அனுமந்தைப் பக்கம் மறைகிறவரை நான் கையாட்டிக்கொண்டே நின்றேன். அவர் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.