பேங்காக்கில் மெய்சிலிர்த்த தேதி

வெளியூரு இல்ல, வெளிநாடே போற அதிகாரியா இருந்தாலும், அந்த ஊரப் பாத்ததும் இன்னா தோணுச்சுங்கிறத, போறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே மூணு நகல்ல எழுதிக் குடுத்துடணும். அப்பத்தான் பிளேன் டிக்கெட்டு வரும். கடலோரச் சாலை அழகுபடுத்தும் பிரிவோட விதி அது.

லக்ஷ்மிநாராயணன் சார் விதிய மீறாதவரு. செங்கல்பட்டு ஆபீஸ்ல, பேன் ஓடாத மத்தியானத்துல உக்காந்துகினு, 'பேங்காக் மாநகரில் தரையில் அமர்ந்து மீன் விற்கும் அவலம் அறவே இல்லாதது கண்டு மெய்சிலிர்த்தேன்'னு எழுதிட்டாரு. மெய்சிலிர்த்த தேதிய மட்டும் காலியா வுட்டாரு.

அந்தச் சிலிர்ப்புல மாட்டிகினது ஆதியம்மா பொழப்பு. திருவிடந்தையில ரோட்டோரம் குடைய நட்டு, சாக்க விரிச்சு, இருவது வருசமா மீன் விக்கிறா. வெளிநாட்டுல இப்பிடி இல்லையாம், எடத்தக் காலி பண்ணணுமாம். நோட்டீசு வந்துடுச்சி.

டூருக்கு ஒரு மீனவப் பிரதிநிதியும் போகணும்னு இன்னொரு விதி. அதுல ஆதியம்மா புருசன் மாயவனுக்குச் சீட்டு விழுந்துச்சி.

"ஊரச் சுத்தாத. எவளாவது குந்திகினு மீன் விக்கிறாளான்னு பாரு. ஒருத்தி இருந்தாலும் போட்டோ புட்ச்சிகினு வா," ன்னு சொல்லி அனுப்பினா.

ஏர்போர்ட்ட வுட்டு வெளிய வந்ததும் மாயவனுக்குத் தல கிறுகிறுன்னுச்சி. ரோட்டு மேல ரோடு. அதுக்கு மேல ரயிலு. நடுவுல ஆயிரம் பைக்கு. ஆனா சத்தமே இல்ல.

"இன்னா சார், ஊருக்கே ஹாரன் ரிப்பேரா?"

"அறிக்கையில 'ஒழுக்கமான போக்குவரத்து'ன்னு எழுதியிருக்கேன். பேசாம வா."

ஒரு சந்து திரும்பினாங்க. பிளாட்பாரத்துல குடை. குடைக்குக் கீழ சாக்கு. சாக்கு மேல மீனு. மீனுக்குப் பின்னாடி ஒரு பொம்பள, குந்திகினு, வெட்டிகினு.

"சார்! எங்க ஆதி மாதிரியே கீது சார்!"

"எங்க?"

"மூக்குக்கு நேரா கீது!"

"அறிக்கையில இல்லய்யா. இல்லாதத எப்படிப் பாக்கறது?"

"அப்ப உங்க சட்டையில ஒட்டிகினு கீதே, செதிலு?"

சாரு குனிஞ்சு பாத்தாரு. "அது பரிசீலனையில இருக்கு."

மாயவன் போட்டோ எடுத்துகினான். ஊருக்கு வந்ததும் நேரா சாரோட மேலதிகாரி பிரதீபா மேடம்கிட்ட நீட்டினான். மேடம் கண்ணு விரிஞ்சுது.

"எவ்வளவு அழகு! அந்தக் குடை! அந்தச் சாக்கு! இது நம்ம ஊருக்கும் வரணும்!"

"வந்து இருவது வருசம் ஆவுது மேடம்."

மேடம் காதுல அது வுழல. சாரு அன்னிக்கே 'மீண்டும் மெய்சிலிர்த்தேன்'னு மூணு நகல் எழுதினாரு. ஆதியம்மாவ எழுப்பிட்டு, அதே எடத்துல, அதே மாதிரி குடை, அதே மாதிரி சாக்கு. மேல 'பேங்காக் மீன் வீதி'ன்னு போர்டு. ஆதியம்மா மீனு நாத்தம்னு முன்ன மனு போட்ட நாவலூர் அப்பார்ட்மென்ட்டு ஜனமே ஞாயித்துக்கெழம கார் போட்டு வந்து, செல்பி புட்ச்சிகினு நின்னுச்சி.

அங்க குந்தி விக்கிறதுக்குச் சான்றிதழ் வேணும். சோதிக்கிற ஆளு பேங்காக்கப் பாத்தவனா இருக்கணும். மாயவன் கழுத்துல 'சோதனையாளர்'னு அட்டை தொங்கிச்சி. நாவலூர் திவ்யா ரெண்டு வாட்டி பேங்காக் போனவ; குந்தாமலே தேறிட்டா. சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது, படிவத்துல அதக் கேக்கவும் இல்ல.

அடுத்து ஆதியம்மா குந்தினா.

மாயவன் கண்ணாடிய ஏத்தி வுட்டுகினான். "எடது முட்டி எறங்கிகினு கீது. அங்கெல்லாம் இப்பிடிக் குந்த மாட்டாங்க."

"இன்னாயா? இருவது வருசமா குந்தறேன்!"

இருவது வருசத்த எழுத படிவத்துல கட்டம் இல்ல. 'தேறவில்லை'ன்னு போட்டுக் கையெழுத்து வச்சான்.

மத்தியானம் வூட்டுக்குப் போனான். தட்டுல வெறுஞ்சோறு. அடுப்புல மீன் கொழம்பு கொதிச்சுகினு கெடக்குது.

"கொழம்பு ஊத்து ஆதி."

ஆதியம்மா ஒரு பேனாவையும் மூணு வெள்ளத்தாளையும் தட்டுக்குப் பக்கத்துல வச்சா.

"கொழம்பு எப்பிடி இருந்துச்சின்னு மொதல்ல எழுதிக் குடு. அப்பறம் ஊத்தறேன்."